கிக்கர் இல்லாத வண்டி

மறுபடியும் நின்றுவிட்டது. இல்லை, நிற்பதற்கு அது முதலில் ஓடியிருக்க வேண்டும். நின்றது நான்தான், ஹாண்டில்பாரைப் பிடித்தபடி, நெற்றி ஏறக்குறைய பெட்ரோல் டாங்கில் படுகிற மாதிரி குனிந்தபடி, லே-அவுட் சாலையின் நடுவில், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஐம்பத்தாறு வயதில். மூச்சு வாங்குகிறது. இது சாதாரண மூச்சுதானா, டாக்டர் கவனிக்கச் சொன்ன மூச்சா என்று யோசிக்கிறேன், யோசிக்கும்போதே இன்னும் கொஞ்சம் வாங்குகிறது. டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு உங்களுக்கு ஒண்ணுமில்லை என்று சொன்ன அந்த டாக்டரை நான் நம்பவில்லை. பம்ப் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவிலேயே தலை நரைத்தவனுக்கு ஒண்ணுமில்லை என்ற சொல்லே சந்தேகம் தரும். எந்த வார்ப்பிலும் ஏதாவது இருக்கும், ஊசிமுனை அளவுக்கு ஒரு காற்றுக்குமிழி, தட்டினால் மணி மாதிரி ஒலிக்காமல் மண்சட்டி மாதிரி ஒலிக்கும் ஒரு மூலை. தேடினால் கிடைக்கும். தேடினேன், கிடைத்தது, அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். அதோ சாலை திரும்பும் இடத்தில் என் வீடு. மொட்டைமாடியில் ரேணுகா துணி உலர்த்துகிறாள், இந்தப் பக்கம் பார்க்காத மாதிரி உலர்த்துகிறாள், என் மனைவிக்கு அந்த நாகரிகம் உண்டு. பத்து மணிக்கு கிருபாகரன் வேன் கொண்டுவருகிறார். அதற்குள் இது ஓடினால் வண்டி என்னுடையது. ஓடாவிட்டால் அவருடையது, பெங்களூருக்குப் பக்கத்தில் பழைய வண்டிகளுக்கென்று அவர் கட்டியிருக்கும் கூடத்தில், சிவப்புக் கயிற்றுக்குப் பின்னால், மேலிருந்து விழும் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும். இப்படி ஒரு நிபந்தனையை எனக்கு யாரும் விதிக்கவில்லை. போன மாதம் அவர் போனில் கேட்டபோது நானேதான் வாயைத் திறந்து சொன்னேன், அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடலைன்னா நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க. ஏன் சொன்னேன்? போனை வைத்த பிறகு ரேணுகா கேட்ட அதே கேள்வி. "ஏனுங்க, அவரு சும்மா விசாரிச்சாரு, நீங்க ஏன் தேதி குடுத்தீங்க?"  

இதற்குக் கிக்கர் கிடையாது, அதுதான் பாடு. உதைத்துக் கிளப்பும் வண்டியென்றால் வீட்டு வாசலிலேயே நின்று உதைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் தோற்றுப்போகலாம். இது பந்தயத்துக்கென்றே பிறந்தது, நார்ட்டன் மேங்க்ஸ், ஒற்றை சிலிண்டர், ஐந்நூறு சிசி, இங்கிலாந்துக்குப் பக்கத்தில் கடல் நடுவே இருக்கும் ஒரு சின்னத் தீவின் மலைச்சாலையில் ஓட்டுவதற்காக வளர்த்த இனம். பர்மிங்ஹாமில் இதைச் செய்தவர்களுக்குக் கிக்கர் வைக்கத் தெரியாமலில்லை. அது வெறும் எடை என்று நினைத்தார்கள். ஹாரன் எடை, முன்விளக்கு எடை, ஸ்டாண்ட் எடை. கொடி இறங்கியதும் அத்தனை பேரும் தங்கள் தங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள், நாலு எட்டு ஓடி, பக்கவாட்டில் சீட்டின் மேல் விழுந்து, விழுந்த அதிர்ச்சியிலேயே கிளட்சை விடுவார்கள், பின்சக்கரம் எஞ்சினைச் சுற்றிவிடும், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். படத்தில் பார்த்தால் நடனம் மாதிரி இருக்கிறது. நான் செய்தால் ஓடுகிற பஸ்ஸில் மூட்டையோடு ஏறுகிறவன் மாதிரி இருக்கிறதாம், ரேணுகா சொன்னாள். பிடித்துக்கொண்டாலும் இதற்கு நிதானமாக நிற்கத் தெரியாது. சிக்னலில் டுபுடுபுவென்று காத்திருக்கும் குணம் இதன் கார்புரேட்டரிலேயே இல்லை, ஆக்சிலரேட்டரை மூடினால் இரண்டு இருமல், அவ்வளவுதான், அணைந்துவிடும். ஓடினால் ஓட வேண்டும், இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டும். நான் நேர் எதிர். ஓடவும் மாட்டேன், சும்மாவும் இருக்க மாட்டேன், வாழ்நாள் முழுக்க டுபுடுபுதான். இதைப் பார்த்த அன்றே என்னால் விட முடியாமல் போனது அதனால்தானோ என்னவோ.

கப்பலில் கொழும்புக்கு வந்ததாம். ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் வரவழைத்து, யுத்தத்துக்குப் பிறகு காலியாகக் கிடந்த ஒரு விமானத் தளத்தில் ஓட்டினாராம். அவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போக, வண்டி மதராஸுக்கு வந்தது, பெரம்பூரில் ரயில்வே வேலை பார்த்த ஃபெலிக்ஸ் என்பவர் கைக்கு. அவர் இதை சோழவரத்தில் ஓட்டினார். அங்கேயும் பழைய விமானத் தளம்தான், வைக்கோல் கட்டுகள் அடுக்கிய திருப்பங்கள், பனைமரத்தில் ஏறி உட்கார்ந்து பார்க்கும் கூட்டம். ஒரு வருஷம் கொடி இறங்கி, எல்லா வண்டிகளும் பிடித்துக்கொண்டு பறந்துவிட, இது மட்டும் பிடிக்கவில்லையாம். ஃபெலிக்ஸ் தள்ளினார், தள்ளிக்கொண்டே போனார், ஜனங்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள், கடைசியில் எங்கேயோ பிடித்துக்கொண்டது, கடைசி ஆளாகக் கிளம்பி இரண்டாவதாக வந்தார். இந்தக் கதையை எனக்குச் சொன்னவர்கள் மூன்று பேர். முதல் திருப்பம் வரைக்கும் தள்ளினார் என்றார் ஒருவர், பாதி தூரம் என்றார் இன்னொருவர், மூன்றாமவர் கணக்கில் ஃபெலிக்ஸ் ஏறக்குறைய ஒரு சுற்று முழுக்கத் தள்ளிவிட்டார். மூன்று சாட்சி, மூன்று அளவு. கம்பெனியில் இப்படி வந்திருந்தால் மூன்றையுமே தள்ளுபடி செய்திருப்பேன். ஆனால் இதைத் தள்ளுபடி செய்ய மனம் வரவில்லை, ஏனென்றால் டாங்கின் இரண்டு பக்கமும் வெள்ளிப் பெயிண்ட் தேய்ந்து அலுமினியம் தெரிகிறது, யாரோ ஒருவருடைய முழங்கால்கள் வருடக்கணக்காக இறுக்கிப் பிடித்த இடம். மற்ற எல்லாவற்றுக்கும் புதுப் பூச்சு கொடுத்தேன், அதை மட்டும் தொடவில்லை. சீட்டில் உட்கார்ந்தால் என் முழங்கால் அங்கே வருவதில்லை, நாலு விரல் பின்னாலேயே நின்றுவிடுகிறது. ஃபெலிக்ஸ் என்னைவிட உயரமாக இருந்திருக்க வேண்டும். அல்லது அது தோட்டத்துக்காரரின் முழங்காலாக இருக்கலாம். அல்லது, இதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், கோழிகளாக இருக்கலாம்.

கோழிகள்தான் இதன் கடைசி வீரர்கள். ஃபெலிக்ஸுக்குப் பிறகு பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரரின் மகன் வாங்கினான், ஒரே மாதத்தில் வாய்க்காலுக்குள் விட்டான், அப்பா சாவியைப் பிடுங்கி வைக்கப் பார்த்தாராம், சாவி என்று ஒன்று இதற்குக் கிடையாது, அதனால் எஞ்சினையே கழற்றிவிட்டார். கழற்றியதை வீணாக்குவானேன் என்று நிலக்கடலைத் தோல் உரிக்கும் மெஷினோடு பெல்ட் போட்டு இணைத்தார். தீவின் மலைச்சாலையில் சீறுவதற்கு வார்த்த எஞ்சினுக்குக் கடலைத் தோலும் மலையும் ஒன்றுதான், அது தனக்குத் தெரிந்த வேகத்தில் சுற்றியது, கடலை, பருப்பும் தோலுமாகப் பறந்து பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீட்டு ஓட்டின் மேல் மழையாகப் பெய்ததாம். அதோடு பெல்ட்டை அவிழ்த்துவிட்டார்கள். எஞ்சினைத் திரும்ப வண்டியில் மாட்டி நிறுத்திவிட்டார்கள், நான் ஒரு பம்ப் புகாரைப் பார்க்க அந்தத் தோப்புக்குப் போன நாள் வரை, மாட்டுக் கொட்டகையின் மூலையில் இது நின்றது. சீட்டில் ஒரு பெட்டைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வாய்க்காலில் விட்ட அந்த மகன் இப்போது வழுக்கைத் தலையோடு, பேரன் எடுத்தவராக, என் பார்வையைப் பார்த்துவிட்டு, "புடிச்சிருந்தா எடுத்துட்டுப் போங்க சார், குஞ்சு பொரியட்டும், அதுவரைக்கும் பொறுங்க" என்றார். பொறுத்தேன். குஞ்சு பொரியும்வரை தினமும் பொள்ளாச்சிக்குப் போன் செய்த ஒரே தரச் சோதனை அதிகாரி நானாகத்தான் இருப்பேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, சாலை நடுவில் தனியாகச் சிரிக்கிறேன், சிரித்தால் மூச்சு சீராகிறது, டாக்டர் இதைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஐந்து வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். கார் ஷெட்டில் கார் வெளியே போய் இது உள்ளே வந்தது. சமையலறைத் தட்டில் பல்சக்கரங்கள் காய்ந்தன. பிஸ்டன் ரிங்கை ஒருநாள் ரேணுகா எடுத்து முறுக்குப் பிழிகிற அச்சின் துண்டு என்று நினைத்து அச்சு வைக்கும் டப்பாவில் போட்டுவிட்டாள், தீபாவளிக்குத்தான் கிடைத்தது. பிறகு விளக்கெண்ணெய். இந்த எஞ்சினுக்கு ஆமணக்கு எண்ணெயில் செய்த ஆயில்தான் ஊற்ற வேண்டும், அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் அதைத்தான் ஊற்றினார்கள், அந்த ஆயில் எரியும் வாசனையைச் சொல்லும்போது வெள்ளைக்காரக் கிழவர்களுக்குக் கண் கலங்குமாம். எனக்கு அந்த வாசனையில் வேறு கலக்கம், சின்ன வயதில் பரீட்சை லீவு விட்ட மறுநாள் அப்பா மூக்கைப் பிடித்து ஊற்றிய ஒரு டம்ளரும், அதற்குப் பின் வாசற்படிக்கும் கொல்லைக்குமாக அலைந்த அந்த நாள் முழுவதும் நினைவு வரும். மேங்க்ஸின் வால்வு ஸ்பிரிங்குகள் மூடியில்லாமல் வெளியே தெரியும், ஊற்றிய எண்ணெய் அங்கிருந்து கசிந்துகொண்டே இருக்கும், செய்தவர்களே அப்படித்தான் விட்டார்கள். தரையில் நான் வைத்த தட்டைப் பார்த்துவிட்டு ரேணுகா கேட்டாள், "விளக்கெண்ணெய் ஊத்துனீங்களே, அதுக்கும் வயித்தால போகுதுங்களா?" அன்று நாங்கள் இரண்டு பேரும் ஷெட் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படிச் சிரித்தது எப்போது என்று நான் உடனே கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன், அதுதான் என் வியாதி, சந்தோஷம் வந்தால் அதைத் தட்டிப் பார்ப்பேன், மணி மாதிரி ஒலிக்கிறதா என்று.

ஏன் தேதி கொடுத்தேன் என்பதற்கு இப்போது, இந்த வெயிலில், ஒரு பதில் வருகிறது, வேண்டாத பதில். வண்டி முடிந்துவிட்டது. முடுக்க வேண்டிய கடைசி போல்ட்டையும் போன மாதம் முடுக்கிவிட்டேன். இனி செய்ய எதுவும் இல்லை, ஓட்டுவதைத் தவிர. ஓடிவிட்டால்? ஓடிவிட்டால் இது ஓடும் வண்டி, நான் வண்டி வைத்திருக்கும் ரிட்டயர்டு ஆள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து ஷெட் கதவைத் திறக்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. அந்தப் பயத்தில்தான், ஓடாமல் போகட்டும் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டுதான், தேதி கொடுத்தேனா? அப்படியானால் இன்று காலையிலிருந்து நான் தள்ளுவதெல்லாம் நிஜமான தள்ளுதானா? கிளட்சை விடவேண்டிய கணத்தில் விரல் ஒரு நொடி தயங்குகிறதே, அது வயதா, பயமா, வஞ்சகமா? என் கையே என்னை ஏமாற்றுகிறது என்றால் யாரை வைத்துச் சோதிப்பது? இந்த இடத்தில் நினைப்பு சிக்கிக்கொள்கிறது, பல்சக்கரத்தில் துணி சிக்குகிற மாதிரி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல், வஞ்சகமா, வயதா, வஞ்சகமா. ஒன்று மட்டும் தெரிகிறது. இது வேனில் ஏறுவதை என்னால் பார்க்க முடியாது.  சரி, மறுபடி தள்ளலாம், இந்தத் தடவை விரலைக் கவனிக்காமல்.

"பெட்ரோல் தீந்துபோச்சாட்ட இருக்குதுங்ணா." பின்னாலிருந்து குரல். மயிலாத்தா. எக்ஸெல் சூப்பர் மொபெட்டில் முன்னும் பின்னும் கீரைக்கட்டு, நடுவில் அவள், தலையில் துண்டு. தினம் காலையில் லே-அவுட் முழுக்கக் கூவிக்கொண்டு போகிறவள், ரேணுகாவுக்குச் சிநேகிதி, என்னிடம் பேசினால் கொஞ்சம் நையாண்டியோடுதான் பேசுவாள். பெட்ரோல் இருக்குது என்றேன். "அப்பறம் ஏனுங் தள்றீங்க?" கிளப்புறதுக்குத்தான். "உதைக்க வேண்டியதுதானுங்." உதைக்கிறது இதுல இல்ல. மயிலாத்தா வண்டியைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள், முன்விளக்கு இல்லாத முகத்தை, ஹாரன் இல்லாத ஹாண்டிலை, பீரங்கி வாய் மாதிரி விரிந்த சைலன்சரை. "லைட்டு இல்ல, ஆரன் இல்ல, உதைக்கிறதும் இல்ல. அஞ்சு வருசமா என்னத்தைத்தானுங் ரிப்பேர் பண்ணுனீங்க?" நியாயமான கேள்வி. "ஏறி உக்காருங்ணா. நான் கால் வெச்சுத் தள்ளி உடறேன். எங்க ஊட்டுக்காரரு வண்டிய ஆத்துப்பாலத்துல இருந்து ஊடு வரைக்கும் அப்படித்தான் கொண்டாந்தேன்." இது பந்தய வண்டி, நார்ட்டன், பர்மிங்ஹாம், என்று நாக்கு வரைக்கும் வந்தது. இத்தனை காலத்தில் இந்த வண்டியை எத்தனையோ பேர் தள்ளியிருக்கிறார்கள், கீரைக்கட்டு வைத்த மொபெட்டிலிருந்து காலை நீட்டி யாரும் தள்ளியிருக்க மாட்டார்கள். ரோட்டில் நின்றுபோன வண்டியை முன்பின் தெரியாத ஒருவர் வந்து ஒரு காலை வைத்து பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவதை நான் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன், நானே தள்ளியிருக்கிறேன், எனக்கு ஏன் காலையிலிருந்து இது தோன்றவில்லை? தோன்றவிடவில்லை. நடனம் ஆடித்தான் கிளப்ப வேண்டும் என்று ஃபெலிக்ஸோடு எனக்கு ஒரு போட்டி. மணி என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒம்போதே முக்காலுக்கு மேல ஆச்சுங்" என்றாள். ஏறி உட்கார்ந்தேன்.

அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், பின் அச்சின் முனையில் கால் வை, சங்கிலியில் பட்டுவிடாதே, நான் சொன்னதும் காலை எடுத்துவிடு. கிளட்சைப் பிடித்தேன், இரண்டாவது கியர். மொபெட் பாவம் தன் ஆயுளில் இழுக்காத பாரத்தைத் தள்ள ஆரம்பித்தது, கொசு மாதிரி ரீங்கரித்தது, ஆனால் நகர்ந்தோம். மஞ்சள் அடித்த மனைக் கற்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. முகத்தில் காற்று. என் காலடியில் ஓட்டம் இல்லை, மூச்சு வாங்கவில்லை, யாரோ என்னைக் கொண்டுபோகிறார்கள். நான் ஒன்றும் செய்யாமல் கொண்டுபோகப்பட்டு எவ்வளவு நாளாயிற்று, சின்ன வயதில் பொருட்காட்சி ராட்டினத்தில் இப்படி இருந்தது. "இன்னும் வேணுங்களா" என்று மயிலாத்தா பின்னாலிருந்து கத்தினாள். வேணும். "இதுக்கு மேல இது போகாதுங்ணா." எடு காலை, என்றேன், என் விரல் தயங்கியதா என்று கவனிக்க மறந்துபோய், விட்டேன். பின்சக்கரம் ஒருமுறை கீச்சிட்டது. எஞ்சின் ஒரு தடவை செருமியது, இன்னொரு தடவை, இது இப்படித்தான் காலையிலிருந்து ஏமாற்றுகிறது, மூன்றாவது செருமல் வரும் என்று நான் காத்திருந்த இடத்தில் செருமலுக்குப் பதிலாக ஒரு சுவர் இடிந்து விழுந்தது.

அந்தச் சத்தத்தை என்ன சொல்வது. காதால் கேட்ட மாதிரியே இல்லை, நெஞ்செலும்பால் கேட்டேன். வேப்பமரத்திலிருந்து மைனாக்கள் மொத்தமாகக் கிளம்பின, எங்கேயோ ஒரு நாய் பாதிக் குரைப்பில் வாயை மூடிக்கொண்டது, கண்ணோரம் பின்னால் மயிலாத்தா மொபெட்டை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நிற்பது ஒரு கணம் தெரிந்து மறைந்தது. ஹாண்டில் கையில் துடிக்கிறது, உயிருள்ள எதையோ கழுத்தில் பிடித்த மாதிரி. வலது முழங்காலில் சூடாக ஒரு ஈரம், எண்ணெய், கசிகிறது, கசியட்டும், பழைய வேட்டிதான். இதோ வருகிறது வாசனை, விளக்கெண்ணெய் எரியும் வாசனை, இனிப்பும் கருகலுமாக, பரீட்சை முடிந்த மறுநாள், ஆனால் இப்போது அதில் லீவு மட்டும்தான் இருக்கிறது. நான் கத்துகிறேனா? கத்துகிறேன் போலிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, பல்லில் காற்று படுகிறது. என்ன வயதானாலும் மனிதன் கத்தலாம், எஞ்சின் இவ்வளவு சத்தம் போட்டால் யாருக்கும் கேட்காது. எதையாவது தட்டிப் பார்க்க வேண்டும் என்று பழக்கத்தில் மனம் தேடியது, தட்டுவதற்கு ஒன்றும் கையில் அகப்படவில்லை, எல்லாமே ஒலித்துக்கொண்டிருந்தது. என் வீட்டைத் தாண்டும்போது மொட்டைமாடியில் ரேணுகா ஈரப் புடவையைப் பிடித்தபடி, பார்க்காத மாதிரி இருப்பதை விட்டுவிட்டு, நன்றாகவே பார்த்தாள்.

நிறுத்த முடியாது. மூடினால் அணைந்துவிடும், அணைந்தால் மறுபடி எரியுமோ எரியாதோ. பூங்காவுக்கென்று வேலிபோட்டு வைத்திருக்கும் காலி இடத்தைச் சுற்றிக்கொண்டு லே-அவுட் சாலை திரும்ப என் வீட்டு வாசலுக்கே வருகிறது, எனவே சுற்றினேன். அடுத்த தடவை வரும்போது ரேணுகா வாசல் கேட்டுக்கு வந்திருந்தாள், ஏதோ சொன்னாள், உதடு அசைந்தது, எஞ்சின் தின்றுவிட்டது. அதற்கடுத்த தடவை கேட்டை நெருங்கும்போது ஆக்சிலரேட்டரை மூடினேன், இருமல் வருவதற்குள் திறக்க வேண்டும், நடுவில் ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது. "வந்துட்டாருங்க" என்றாள். பார்த்தேன், சாலை முனையில் வெள்ளை வேன். ஒரு சுற்று. "உக்காரச் சொல்லு" என்றேன் நான். ஒரு சுற்று. "மாட்டேங்கறாரு." ஒரு சுற்று. "ஏன்?" அவள் பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று, கிருபாகரன் வேனைவிட்டு இறங்கி வந்து கேட் பக்கத்தில் நின்றிருந்தார், கூடத்துக்குச் சொந்தக்காரர், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, வாய் கொஞ்சம் திறந்தபடி. கடைசியாக இவ்வளவு நேரம் நானும் ரேணுகாவும் பேசியது எப்போது என்று நினைத்தேன். ஒரு சொல் சொல்லிவிட்டு, அதற்குப் பதில் என்ன வரும் என்று ஒரு சுற்று முழுக்க யோசித்துக்கொண்டு வருவது. வீட்டுக்குள் பேசும்போது இப்படி யோசித்ததில்லை.

திருப்பத்தில் சாயும்போதுதான் கேட்டது. பெரிய சத்தத்துக்கு அடியில், அதற்குச் சம்பந்தமில்லாத மாதிரி, சின்னதாக ஒரு டிக். நேர் சாலையில் இல்லை. மறுபடி சாய்ந்தேன், டிக்.  அது மேலே, சைலன்சர் பக்கத்தில் வால்வை அழுத்தித் திறக்கும் கேம்ஷாஃப்டுக்குக் கீழே, நான் வைத்த இடைவெளி ஒரு மயிரிழை அதிகம், அல்லது அது இல்லாமல் வேறு ஏதோ. முடிந்தது என்று நான் கையெழுத்துப் போட்ட எஞ்சின் முடியவில்லை. தள்ளுபடி. எனக்குள் இருக்கும் பழைய சோதனைக்காரன் முகத்தைச் சுருக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தான், சரியாக அந்த நேரத்தில், முதல் மஞ்சள் கல்லுக்கும் இரண்டாவது கல்லுக்கும் நடுவில், எனக்குப் புரிந்தது. முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷெட் கதவைத் திறக்கும்போது கையில் வேலை இருக்கிறது. மேல் மூடியைக் கழற்றி, இடைவெளிக்கு வைக்கும் ஷிம் தகடுகளை ஒவ்வொன்றாக அளந்து, தவறு எங்கே என்று தேடி. தேடினால் கிடைக்கும். முன்பெல்லாம் இதைச் சொல்லும்போது இதில் இத்தனை இனிப்பு இருந்ததில்லை. ஓடும் வண்டிக்கும் குறை உண்டு, ஓடினால்தான் அது தெரியவே வரும், நிற்கும் வண்டி எனக்கு இதைச் சொல்லியிருக்குமா? கேட்டை நெருங்கி மூடினேன். "ஒரு சத்தம்" என்றேன் ரேணுகாவிடம்.

அடுத்த சுற்றில் அவள் முகம். முப்பது வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள், அந்த இரண்டு சொல்லை நான் எந்தக் குரலில் சொன்னேன் என்று அவளுக்குத்தான் தெரியும். "நெசமாவா" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பிறகு நான் பூங்காவைச் சுற்றி வரும் நேரத்துக்குள் கிருபாகரன் பக்கம் திரும்பி என்னவோ சொல்லியிருக்கிறாள். நான் வரும்போது அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், பின்கதவைத் திறந்து பலகை இறக்கியிருந்த வேன் டிரைவர் அதைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். மயிலாத்தாவும் வந்து சேர்ந்துவிட்டாள், கையில் அரைக்கீரைக் கட்டோடு கேட்டில் சாய்ந்து நின்றாள். நான் ஆக்சிலரேட்டரை மூடினேன், இருமல் வந்தது, திறக்கவில்லை. இன்னொரு இருமல். மறுபடி கிளம்புமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை என்பதை அணைந்த பிறகுதான் கவனித்தேன்.

அமைதி காதில் ரீங்கரித்தது. சூடான உலோகம் கிணுகிணுவென்று சுருங்கியது. காலை ஊன்றி நின்றேன், முழங்கால் வரை எண்ணெய். "அம்மா சொல்லிட்டாங்க சார்" என்றார் கிருபாகரன். "உள்ள சத்தம் வர்ற வண்டிய இவரு யாருக்கும் குடுக்க மாட்டாருன்னு." அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன், அவர் கையெல்லாம் எண்ணெய் ஆயிற்று, அவர் அதை முகர்ந்து பார்த்துக்கொண்டார். "நான்தானுங் தள்ளுனேன்" என்றாள் மயிலாத்தா அவரிடம், "நான் தள்ளாம இது எங்க ஓடப்போவுது. என்ற காது இன்னும் அடைச்சுக் கெடக்குது." ரேணுகா பக்கத்தில் வந்தாள். இத்தனை வருடத்தில் கொடியில் காயும் துணியில் கறை படக்கூடாது என்று இதை நகர்த்தச் சொன்னதும் கேலி பண்ணியதும் தவிர, அவளாக இவ்வளவு பக்கத்தில் வந்து இதைப் பார்த்ததில்லை. "எப்படீங்க இருக்கும் அந்தச் சத்தம்?" நாக்கை மேலண்ணத்தில் வைத்து டிக் என்று செய்து காட்டினேன். மறுபடி செய்யச் சொன்னாள். செய்தேன். அவள் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டாள், கம்பெனியில் எனக்குத் தெரிந்த எந்த இன்ஸ்பெக்டரும் அப்படிக் கேட்டதில்லை. "எனக்கு அது வண்டியில கேக்கோணும்" என்றாள். ஓடினால்தான் கேட்கும் என்றேன். "அதுக்கென்ன." முந்தானையை எடுத்து இடுப்பில் இறுகச் செருகினாள், செருப்பைக் கழற்றிக் கேட் ஓரமாகத் தள்ளினாள், கிருபாகரன் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மறுபக்கம் வந்து நின்றார்.

"எங்கீங்க பிடிக்கோணும்?" என்றாள் ரேணுகா.

சீட்டின் பின்முனையைக் காட்டினேன்.